சொந்த நிலத்துல சுட்டா ஊருக்கு என்ன? அமெரிக்க டவுன்ஷிப் சண்டைகளோட பின்னணி

அமெரிக்கா, துப்பாக்கின்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது ஸ்கூல் ஷூட்டிங், என்ஆர்ஏங்கிற துப்பாக்கி ஆதரவு அமைப்பு, சுப்ரீம் கோர்ட், இதுதான். ஆனா அங்க கிராமத்து ஜனங்க நேர்ல வந்து உட்கார்ந்து பேசுற துப்பாக்கி சண்டை வேற ஒண்ணு இருக்கு, அது நம்ம நியூஸ்ல வர்றதே இல்ல. ஊர் போர்டு ஒரு ஆர்டினன்ஸ், அதாவது உள்ளூர் சட்டம், கொண்டு வரும், இத்தனை ஏக்கருக்கு கம்மியா நிலம் இருந்தா உங்க இடத்துலயே நீங்க துப்பாக்கி சுடக்கூடாதுன்னு. அவ்வளவுதான். வழக்கமா பத்து பேர் வர்ற மாசாந்திர மீட்டிங்குக்கு ஹால் கொள்ளாம கூட்டம் வந்துடும், இடத்தை ஃபயர் ஸ்டேஷனுக்கோ ஸ்கூல் ஜிம்முக்கோ மாத்துவாங்க, ஆளுக்கு மூணு நிமிஷம்னு டைமர் வச்சு ராத்திரி வரைக்கும் பேசுவாங்க. நிறைய தடவை போர்டு அந்த டிராஃப்டை ஒத்தி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடும்.

வெளியில இருந்து பார்த்தா துப்பாக்கி பிடிச்சவங்க ஒரு பக்கம், பிடிக்காதவங்க இன்னொரு பக்கம்னு தெரியும். எனக்கு அப்படி தோணல. இது முக்கால்வாசி நிலத்தோட சண்டை. கிராமமா இருந்த இடம் டவுனா மாறுறப்போ, அம்பது வருஷமா இருக்குறவரும் போன வருஷம் வந்தவரும் ஒரே வேலிக்கு ரெண்டு பக்கம் நின்னுக்கிட்டு யாரோட பழக்கம் இங்க செல்லும்னு கேக்குற சண்டை. அதுக்கு மேல, அந்த ரூலை போடுற அதிகாரம் ஊர் போர்டுக்கு இருக்கா, இல்ல மாநிலத்துக்கு மட்டும்தானான்னு இன்னொரு சண்டை. ரெண்டும் ஒண்ணா பின்னிக்கிடக்கு.

ஒரு கேஸை எடுத்துக்கிட்டா புரியும். பென்சில்வேனியால போக்கனோஸ்னு ஒரு மலைப்பகுதி, அதுல மன்ரோ கவுன்டி (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). 1990-ல அங்க ஜனத்தொகை சுமார் 96 ஆயிரம், 2010-ல சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம். இருபது வருஷத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடியிருக்கு. நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் வீட்டு விலை தாங்காம வந்து, 80-ம் நம்பர் ஹைவேல தினமும் மணிக்கணக்குல வேலைக்குப் போய்ட்டு வர்றவங்க அதுல ஏராளம். அந்தக் கவுன்டில ஸ்ட்ரௌட்னு ஒரு டவுன்ஷிப், நம்ம ஊராட்சி மாதிரி. 2009-ல ஒருத்தர் அங்க வீடு நிலத்தோட வாங்கினார், தன் இடத்துலயே ஒரு சின்ன ஷூட்டிங் ரேஞ்ச் போட்டார், பக்கத்துல இருந்து புகார் போச்சு. அப்போ அதை தடுக்குற தனி ரூல் எதுவும் டவுன்ஷிப் கையில இல்ல. 2011 டிசம்பர்ல டவுன்ஷிப் ஒரு ஆர்டினன்ஸ் போட்டுச்சு, தற்காப்பு மாதிரி சில விலக்கு தவிர பொதுவா சுடக்கூடாது, சுடணும்னா பர்மிட் வாங்கின ரேஞ்ச்ல சுடணும், அந்த ரேஞ்ச் குறிப்பிட்ட ரெண்டு சோன்ல மட்டும்தான் வரலாம், குறைஞ்சது 5 ஏக்கர் இருக்கணும்னு.

அவர்கிட்ட இருந்தது 4.66 ஏக்கர். நம்ம கணக்குல சொன்னா 34 சென்ட் கம்மி.

அவர் கோர்ட்டுக்குப் போனார். 2021-ல மாநில அப்பீல் கோர்ட் அவர் பக்கம் நின்னு ஆர்டினன்ஸை ரத்து பண்ணுச்சு. 2024 பிப்ரவரில பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட் அதை மாத்தி, ஆர்டினன்ஸ் செல்லும்னு சொல்லிடுச்சு. ஒரு கொல்லைப்புறத்துல ஆரம்பிச்ச விஷயம், பன்னெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு.

இதுல சட்டம் எங்க நிக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும். அமெரிக்கால 40-க்கும் மேல மாநிலங்கள்ல, துப்பாக்கி விஷயத்துல ஊர், கவுன்டி எல்லாம் தனியா ரூல் போடக்கூடாதுன்னு மாநில சட்டமே தடுக்குது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ரூல் இருந்தா துப்பாக்கி வச்சிருக்குறவன் பக்கத்து ஊருக்கு கார்ல போறப்போவே குற்றவாளி ஆயிடுவான்ங்கிறது அதுக்குச் சொல்ற காரணம். ஆனா பெரும்பாலான இடத்துல தடுக்குறது வச்சிருக்குறது, வாங்குறது, விக்குறது, எடுத்துட்டுப் போறது இதையெல்லாம் பத்தின ரூலை. சுடுறதை மட்டும் தனியா விட்டு வச்சிருக்காங்க. பென்சில்வேனியா சட்டத்துல தடை லிஸ்ட்டுல சுடுறதுங்கிற விஷயமே இல்ல. ஜார்ஜியா சட்டம் இன்னும் தெளிவா, ஊரும் கவுன்டியும் சுடுறதை நியாயமான அளவுக்கு கட்டுப்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம்னே எழுதி வச்சிருக்கு. வர்ஜீனியால ஜன நெருக்கம் ஆபத்தான அளவுக்கு இருக்குற பகுதின்னு கவுன்டி போர்டு நினைச்சா அங்க வெளியில சுடுறதை தடுக்கலாம். அதனாலதான் சண்டை எல்லாம் இந்த ஒரு கதவு வழியா உள்ள வருது. மத்த எந்த துப்பாக்கி ரூலும் போட முடியாத ஊர் போர்டு போடக்கூடியது கிட்டத்தட்ட இந்த ஒரு ரூல்தான், எதிர்க்கிறவங்களும் அதனாலயே இதை விடக்கூடாதுன்னு நிக்கிறாங்க, இன்னைக்கு சுடுறது, நாளைக்கு வச்சிருக்குறதுன்னு.

ஃப்ளோரிடா இதுக்கு நேர் எதிர். அங்க 1987-லயே மொத்த அதிகாரத்தையும் மாநிலம் எடுத்துக்கிச்சு, 2011-ல அதுக்கு பல்லும் வச்சுது. தெரிஞ்சே ரூல் போட்ட உள்ளூர் அதிகாரிக்கு அவர் சொந்தக் காசுல 5,000 டாலர் வரைக்கும் அபராதம், கவர்னர் பதவியை விட்டு தூக்கலாம், வக்கீல் செலவுக்கு ஊர்ப் பணத்தை எடுக்கக்கூடாது. டாலஹாசி சிட்டில பார்க்குல துப்பாக்கி சுடக்கூடாதுன்னு 1957-லயும் 1988-லயும் போட்ட பழைய ஆர்டினன்ஸ் புஸ்தகத்துல கிடந்துச்சு, யாரும் அமல்படுத்தல, ஆனா அதை எடுக்கலைன்னு துப்பாக்கி அமைப்புகள் கேஸ் போட்டாங்க. 2017-ல அப்பீல் கோர்ட், சும்மா புஸ்தகத்துல கிடக்குறது குத்தமில்லன்னு சிட்டி பக்கம் தீர்ப்பு சொன்னதால தப்பிச்சாங்க. 2023-ல மாநில சுப்ரீம் கோர்ட் அந்த அபராதம் எல்லாம் செல்லும்னு உறுதி பண்ணிடுச்சு.

இதோட விளைவு என்னன்னா வீடு வீடா ஒட்டியிருக்குற தெருவுல ஒருத்தர் பின்பக்கம் மண்மேடு போட்டு டார்கெட் வச்சு சுட ஆரம்பிச்சா மேயருக்கு போன் பண்ணியும் பிரயோஜனமில்லாம இருந்துச்சு. அஜாக்கிரதையா சுட்டார்னு போலீஸ் நிரூபிக்க வேண்டியிருந்துச்சு, நிதானமா சுட்டா நிரூபிக்க ஒண்ணும் இருக்காது. இந்த மாதிரி கொல்லைப்புற ரேஞ்ச் விவகாரங்கள் பெருசாகி, அக்கம்பக்கத்து ஜனங்ககிட்ட இருந்து எதிர்ப்பு கிளம்பி, கடைசில 2016-ல மாநில சட்டத்தையே திருத்தினாங்க, ஏக்கருக்கு ஒரு வீடோ அதுக்கு மேலயோ இருக்குற குடியிருப்புப் பகுதில பொழுதுபோக்குக்கு வெளியில சுடுறது குற்றம்னு. துப்பாக்கிக்கு அவ்வளவு இடம் குடுக்குற மாநிலமே அந்தக் கோடு போட வேண்டி வந்துச்சு, இதை எதிர்ப்பாளர்கள் யோசிச்சுப் பார்க்கணும்னு நினைக்கிறேன்.

சரி, எதிர்க்கிறவங்க யாரு, என்னதான் சொல்றாங்க? இதைத்தான் நம்ம ஆளுங்க யாரும் பொறுமையா கேக்குறதில்ல. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியே வச்சிருக்க முடியாது, அதனால சொந்த வயல்ல சுடலாமாங்கிற கேள்வியே நமக்கு வராது, எதிர்க்கிறவன் எல்லாம் துப்பாக்கி வெறியன்னு சுலபமா முடிவு பண்ணிடுறோம். பென்சில்வேனியா கிராமத்துல மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கிற நாள் பண்டிகை மாதிரி. ரொம்ப வருஷமா நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கக்கிழமைதான் அந்த நாள், நிறைய ஸ்கூலுக்கு அன்னைக்கு லீவே விட்டிருவாங்க, 2019-லதான் அதை சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி சில வாரம் எல்லாரும் தங்களோட ரைஃபிளை எடுத்து, ஸ்கோப் நேரா இருக்கான்னு நாலு குண்டு சுட்டுப் பார்ப்பாங்க. சரி பண்ணாம காட்டுக்குப் போனா மான் சாகாது, காயம்பட்டு ஓடி எங்கயோ போய் நாள்கணக்குல துடிக்கும். அதை தாத்தா காலத்துல இருந்து வீட்டுக்குப் பின்னாடி பண்ணிட்டிருந்தவர்கிட்ட, இனிமே அம்பது மைல் தள்ளி ரேஞ்சுக்குப் போய் மெம்பர்ஷிப் காசு கட்டிட்டு பண்ணுன்னு சொன்னா அவருக்கு அது பாதுகாப்பு ரூலா தெரியாது, இந்த ஊர் இனிமே உன்னோடது இல்லன்னு சொல்ற மாதிரிதான் தெரியும்.

அப்புறம் விவசாயி. கோழியைத் தூக்க வர்ற நரி, கன்னுக்குட்டி பக்கம் சுத்துற கயோட்டிங்கிற ஓநாய் ஜாதி மிருகம், மேய்ச்சல் நிலத்துல குழி தோண்டி மாட்டுக்கால் உடைய வைக்குற நில அணில் வகைங்க, இதுக்கெல்லாம் அவர் போய் பர்மிட் கேட்டுட்டு நிக்க முடியாது. பெரும்பாலான ஆர்டினன்ஸ்ல இதுக்கு விலக்கு இருக்கும், ஆனா முதல் டிராஃப்ட்ல பல நேரம் விட்டுப் போயிருக்கும், அந்த ஒரு ஓட்டையே போதும், எழுதினவனுக்கு கிராமம்னா என்னன்னே தெரியலன்னு மொத்த ஊரும் கிளம்பிடும்.

ஆனா எனக்கு மனசுல தங்குற வாதம் ஏக்கர் வாதம்தான். 5 ஏக்கர் இருந்தா சுடலாம், 4.66 இருந்தா கூடாதுன்னா அது யாரை பாதிக்குது? பெரிய பண்ணை வச்சிருக்குறவரை இல்ல. ரெண்டு ஏக்கர்ல ட்ரெய்லர் வீடு போட்டிருக்குற மெக்கானிக்கை, பாகம் பிரிச்சு மூணு ஏக்கர் கைக்கு வந்த தம்பியை. உரிமையை நிலத்தோட அளவு வச்சா குடுக்குறீங்கன்னு அவங்க கேக்குறப்போ போர்டு மெம்பர்கள்கிட்ட நல்ல பதில் இருக்குறதில்ல.

இன்னொண்ணும் சொல்வாங்க, அஜாக்கிரதையா சுட்டு அடுத்தவனை ஆபத்துல தள்ளுறது ஏற்கனவே மாநில சட்டத்துல குற்றம், அதை வச்சு தப்பு பண்றவனைப் பிடிங்க, எங்களை ஏன் தடுக்குறீங்கன்னு. கேக்க நியாயமா இருக்கு. ஆனா அந்தச் சட்டம் வேலை செய்யணும்னா குண்டு பறந்து முடிஞ்சிருக்கணும், போலீஸ் வர்றதுக்குள்ள சுட்டவர் உள்ள போயிருப்பார், எந்தத் திசைல சுட்டார்னு சொல்ல சாட்சி இருக்காது. அடுத்த வீட்டு சுவத்துல ஓட்டை விழுந்தப்புறம்தான் கேஸ் நிக்கும்.

இங்கதான் கொஞ்சம் கணக்கு பார்க்கணும். 5 ஏக்கர்னா நம்ம மெட்ராஸ் கணக்குல 90 கிரவுண்டுக்கு மேல, கேக்குறப்போ பெரிய இடம். ஆனா அது சதுரமா இருந்தா ஒரு பக்கம் வெறும் 467 அடி. ரொம்ப சின்னது, பசங்களுக்கு முதல்ல கத்துக்குடுக்குறது பாயிண்ட் 22 தோட்டா, அதோட அட்டைப்பெட்டிலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு எச்சரிக்கை போட்டிருப்பாங்க. ஒன்றரை மைல்னா 7,900 அடிக்கு மேல. மான் வேட்டை ரைஃபிள் அதை விட ரெண்டு மடங்கு தூரம் போகும். அப்போ 5 ஏக்கர் என்ன, 50 ஏக்கர் என்ன, நிலத்தோட அளவு குண்டை நிறுத்தாது. நிறுத்துறது ஒரே ஒரு விஷயம், டார்கெட்டுக்குப் பின்னாடி இருக்குற மண்மேடு. ஆளை விட உயரமா, கல்லு இல்லாத மண்ணா, தடிமனா இருக்கணும், கல்லு கலந்திருந்தா குண்டு தெறிச்சு வேற பக்கம் போகும், மழைல கரைஞ்சு உயரம் குறைஞ்சா திரும்ப போடணும். ஒழுங்கா மேடு போட்டு ஒரே திசைல சுடுறவர் ஒரு ஏக்கர்லயும் ஆபத்தில்லாம சுட முடியும், மேடு இல்லாம மரத்துல தகரத்தை மாட்டிட்டு சுடுறவர் இருபது ஏக்கர்லயும் கொலை பண்ண முடியும். பெரும்பாலான டிராஃப்ட்டுகள் இதை விட்டுட்டு ஏக்கரைப் பிடிச்சுக்குது, ஏன்னா ஏக்கர் பத்திரத்துல இருக்கு, அளக்க ஆள் அனுப்ப வேண்டாம்.

சத்தம் தனி விஷயம். பெரும்பாலான துப்பாக்கி சுடுறவரோட காதுகிட்ட 140 டெசிபலுக்கு மேல போகுது, கால் மைல் தள்ளி இருக்குற வீட்டுலயும் நாய் பதறும், குதிரை மிரளும், போர்ல இருந்து திரும்பி வந்தவங்க சிலருக்கு அன்னைக்குத் தூக்கம் போச்சு. நிஜத்துல நிறைய ஆர்டினன்ஸ் ஆரம்பிக்கிறதே சத்தத்துல இருந்துதான், ஆனா எழுதுறப்போ பாதுகாப்புன்னு எழுதுறாங்க. எதிர்க்கிறவங்க இதைச் சட்டுனு கண்டுபிடிச்சுடுறாங்க, எத்தனை பேர் அடிபட்டாங்க சொல்லுங்கன்னு கேக்குறாங்க, போர்டு முழிக்குது. சத்தம்தான் பிரச்சினைன்னா சத்தம்னே எழுதி, ஞாயித்துக்கிழமை காலைல வேண்டாம், இருட்டினப்புறம் வேண்டாம்னு நேரத்தை வச்சா பாதி சண்டை அங்கயே முடியும்.

டெக்சாஸ் கதை எனக்கு கிட்ட இருக்குற கதை, ஏன்னா டல்லாஸுக்கு வடக்க எங்க பக்கம் நம்ம தமிழ் ஆளுங்க வீடு வாங்குற ஊர் எல்லாம் நேத்து வரைக்கும் மாட்டுப் பண்ணை. செலினாங்கிற ஊர் 2022-ல இருந்து 2023-க்குள்ள ஒரே வருஷத்துல 26 சதவீதத்துக்கு மேல வளர்ந்து நாட்டுலயே வேகமா வளர்ற ஊர்னு சென்சஸ்ல வந்துச்சு, அடுத்த வருஷம் பக்கத்துல பிரின்ஸ்டன். புது கம்யூனிட்டில வீட்டுக்குப் பின்னாடி மரவேலி, அதுக்கு அந்தப் பக்கம் இன்னும் விக்காத பண்ணை நிலம், சனிக்கிழமை காலைல அங்க இருந்து டப் டப்னு சத்தம், உடனே வாட்ஸ்அப் குரூப்ல "யாருக்காவது தெரியுமா, 911 கூப்பிடட்டுமா"ன்னு மெசேஜ். கூப்பிட்டா வர்ற ஆபீசர் பெரும்பாலும் சொல்லப் போறது, அது அவரோட உரிமைங்கன்னுதான். ஏன்னா 1981 செப்டம்பருக்கு அப்புறம் சிட்டியோட சேர்ந்த பகுதில, சிட்டி எல்லைக்கு வெளிய இருக்குற அதோட வளையத்துலயும், 10 ஏக்கரோ அதுக்கு மேலயோ இருந்து அடுத்த வீட்டுல இருந்து 150 அடிக்கு மேல தள்ளி ஷாட்கன் சுட்டாலோ, 50 ஏக்கரோ அதுக்கு மேலயோ இருந்து 300 அடிக்கு மேல தள்ளி ரைஃபிளோ பிஸ்டலோ சுட்டாலோ சிட்டி தன்னோட ரூலை அமல்படுத்தக் கூடாதுன்னு பொதுவான மாநில சட்டம் (சில கவுன்டிகள்ல இதை விடக் கூடுதல் தூரம் வேணும்). பண்ணைக்காரர் நம்மளுக்கு முன்னாடியே அங்க இருந்தவர், அவரைச் சுத்தி நாமதான் வந்து வீடு கட்டியிருக்கோம். வீடு வாங்குறப்போ ஸ்கூல் ரேட்டிங் பார்க்குறவங்க வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிலம், அது எந்த வருஷம் சிட்டில சேர்ந்துச்சுன்னும் ஒரு தடவை பாருங்க.

சிட்டி இல்லாத கவுன்டி நிலத்துல கதை வேற. 10 ஏக்கரோ அதுக்கு கம்மியோ இருக்குற பிளாட் போட்ட இடத்துல சுடுறதை கட்டுப்படுத்த கவுன்டிக்கு அதிகாரம் உண்டு, ஆனா கவுன்டி அதை எடுத்து உத்தரவா போட்டாதான் உண்டு, நிறைய கவுன்டி ஓட்டுக்குப் பயந்து போடுறதில்ல. 2023 ஏப்ரல் கடைசில ஹூஸ்டனுக்கு வடக்க கிளீவ்லேண்ட் பக்கத்துல, ஏக்கர் ஏக்கரா பிரிச்ச ஒரு குடியிருப்புல, ராத்திரி வீட்டு முன்னாடி ஏஆர்-15 ரைஃபிள் வச்சு சுட்டுக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட, குழந்தை தூங்குது கொஞ்சம் நிறுத்துங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க போய்க் கேட்டாங்க. அவர் அவங்க வீட்டுக்குள்ள புகுந்து 5 பேரைக் கொன்னார், அதுல ஒரு சின்னப் பையனும் இருந்தான். ஹோண்டுராஸ்ல இருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்த ஏரியால முற்றத்துல சுடுறது வாடிக்கைன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. சுடக்கூடாதுங்கிற உத்தரவு இருந்திருந்தா அந்த ஆள் நின்னிருப்பான்னு நான் சொல்ல வரல. ஆனா ரூல் இல்லாத இடத்துல, நிறுத்துங்கன்னு நேர்ல போய்க் கேக்குற பொறுப்பு போலீஸ்கிட்ட இல்லாம பக்கத்து வீட்டுக்காரன் தலைல விழுது. ஆர்டினன்ஸே வேண்டாம், அக்கம்பக்கம் பேசித் தீர்த்துக்கலாம்னு மீட்டிங்ல சொல்றவங்களுக்கு நான் காட்டுறது இந்த ராத்திரியைத்தான்.

2020-க்கு அப்புறம் இந்தச் சண்டை இன்னும் கூடியிருக்குறதுக்கும் காரணம் இருக்கு. அந்த ஒரு வருஷத்துல எஃப்பிஐ கிட்ட துப்பாக்கி தொடர்பா வந்த பின்னணிச் சோதனை மட்டும் 4 கோடிக்குப் பக்கம். முதல் தடவை துப்பாக்கி வாங்கினவங்க ஒரு பக்கம், கோவிட்ல வீட்டுல இருந்தே வேலைன்னு சிட்டியை விட்டு கிராமத்துக்கு வந்தவங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் ஒரே தெருவுல.

கோர்ட் பக்கம் வந்தா, 2022-ல ப்ரூயன் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், துப்பாக்கி ரூல் எதுவா இருந்தாலும் நாட்டோட பழைய வரலாற்றுல அதுக்கு வேர் இருக்கணும்னு சொன்னப்புறம், இந்த ஊர் ஆர்டினன்ஸ் எல்லாம் விழுந்துடும்னு நிறைய பேர் எதிர்பார்த்தாங்க. ஆனா சுடுற இடத்தைக் கட்டுப்படுத்துற சட்டத்துக்கு வேர் ரொம்ப ஆழம். 1721-லயே பென்சில்வேனியால, ஃபிலடெல்ஃபியா ஊருக்குள்ள கவர்னர் அனுமதி இல்லாம துப்பாக்கி சுட்டாலோ வாணம் விட்டாலோ 5 ஷில்லிங் அபராதம்னு சட்டம் இருந்துச்சு. பாஸ்டன்ல 1746-ல ஊருக்குள்ள குண்டு போட்டு சுடத் தடை. துப்பாக்கி வச்சிருக்குறது தனி மனுஷனோட உரிமைன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன 2008 ஹெல்லர் கேஸ்ல நீதிபதி பிரேயர் இதையெல்லாம் எடுத்துக் காட்டினப்போ, நீதிபதி ஸ்காலியா அது வெறும் சின்ன அபராதம், தற்காப்புக்கு சுடுறவனை அது தடுக்காதுன்னு ஒதுக்கினார். பதினஞ்சு வருஷம் கழிச்சு ஸ்ட்ரௌட் கேஸ்ல இந்த மாதிரி பழைய சட்டங்கள்தான் டவுன்ஷிப்புக்குக் கை குடுத்துச்சு. பயிற்சி எடுக்குறது உரிமைக்குள்ள வர்ற விஷயம்னு வச்சுக்கிட்டாலும், ஊருக்குள்ள எங்க சுடலாம்னு வரையறுக்குறது ஆரம்பத்துல இருந்தே இருக்குற வழக்கம்னு கோர்ட் பார்த்துச்சு. அதே 2024-ல மிச்சிகன் ஹோவெல் டவுன்ஷிப்ல 1,000 கஜ தூர ரேஞ்ச் கேட்டவங்களும் ஃபெடரல் அப்பீல் கோர்ட்ல தோத்தாங்க. அதுக்காக ஊர் என்ன வேணா போடலாம்னு அர்த்தமில்ல, சிகாகோ ஊர் முழுக்க ரேஞ்சே கூடாதுன்னு தடுத்துட்டு, லைசென்ஸுக்கு ரேஞ்ச் பயிற்சியும் கட்டாயம்னு சொன்னது 2011-லயே கோர்ட்ல நிக்கல.

இத்தனைக்கும் நடுவுல எனக்குப் பிடிச்சது அந்த டெக்சாஸ் சட்டத்துலயே ஏக்கருக்கும் அடிக்கும் அப்புறமா இருக்குற இன்னொரு நிபந்தனை: குண்டு அந்த நிலத்தோட எல்லையைத் தாண்டிப் போகும்னு எதிர்பார்க்கிற மாதிரி சுடக்கூடாது. மீட்டிங்ல கை தூக்கிப் பேசுற பழைய வேட்டைக்காரர் யாரும் இதை எதிர்த்து நான் பார்த்ததில்ல, என் குண்டு என் நிலத்துலதான் விழணும்னு அவர் அப்பா அவருக்கு முதல் நாளே சொல்லிக்குடுத்தது அதுதான். போர்டு முதல் டிராஃப்டையே அந்த வரில ஆரம்பிச்சு, மண்மேடு எப்படி இருக்கணும், அடுத்த வீட்டுல இருந்து எத்தனை அடி, எந்த நேரம்னு எழுதி, ஏக்கரை எடுத்துட்டு, எழுதுறதுக்கு முன்னாடியே அந்த வேட்டைக்காரரையும் புதுசா வந்த அம்மாவையும் ஒரே மேஜைல உட்கார வச்சா, ஸ்ட்ரௌட்ல 34 சென்ட்டுக்காக நடந்த மாதிரி பன்னெண்டு வருஷம் கோர்ட்ல அலைய வேண்டி இருக்காது.